வெள்ளாற்றில் யாரோ

சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் கூட்ட அறைகளுக்கு
ஆறுகளின் பெயர்.
கெடிலத்தில் எட்டு நாற்காலி, பெண்ணையில் பன்னிரண்டு,
உப்பனாற்றில் ஏசி எந்நேரமும் சொட்டும்.
வெள்ளாறு பெரியது. இயக்குநர்கள் வந்தால் அங்கேதான்.

அறைக்கொரு கணினி. நாலுக்கும் ஒரே கடவுச்சொல்.
விசைப்பலகையைக் கவிழ்த்தால்
மஞ்சள் தாளில் ஜெரால்டு சாரின் கையெழுத்து:
கடலூர், ஒன்று இரண்டு மூன்று.
ஊர்ப்பெயர் தெரிந்த எவனும் உள்ளே வரலாம்.

போன மழைக்கு ஐந்து நாள் ஒருவராலும் ஆபீசுக்கு வர முடியவில்லை.
வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி செய் என்றார்கள்.
வழி செய்யுமுன் வாசல்களை அடைக்க வேண்டியிருந்தது.
வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் போர்ட்டுகளை
ஒவ்வொன்றாய் மூடினேன்.
(பழைய துறைமுகத்தில் முகத்துவாரம் தூர்ந்து
படகு தரைதட்டுகிறதென்று
தம்பி மனு எழுதிய அதே வாரம்.
ஒரே வீட்டில் ஒருத்தி மூடுகிறாள்,
ஒருத்தன் திறக்கச் சொல்லி அலைகிறான்.)

பிறகு சுரங்கம்.
என் மடிக்கணினியிலிருந்து அந்த அறைகள் வரை
யாரும் எட்டிப் பார்க்க முடியாத பாதை,
அதற்கொரு சாவி, சாவிக்குப் பின்னால்
முப்பது நொடிக்கொரு முறை செத்துப் பிறக்கும் எண்.
ஆற்றில் இறங்க ஆறு இலக்கம்.
யார் நுழைந்தாலும் அறைத்திரையின் உச்சியில் சிவப்புப் பட்டை:
இந்தக் கணினியை வேறொருவர் பார்க்கிறார்.

பட்டை வேண்டாமே, அசிங்கமா இருக்கு என்றார் சார்.
அது மட்டும் இருக்கும் சார் என்றேன்.
உப்பனாறு சொட்டுவது
எல்லோருக்கும் கேட்டது.

சனிக்கிழமை ராத்திரி பதினொன்று நாற்பது.
செம்மண்டலம். பிள்ளை தூங்கிவிட்டாள்.
கடலில் புயல் சின்னம், கூரைத் தகரத்தில் முதல் தூறல்.
சாவி. ஆறு இலக்கம். சுரங்கம்.
வெள்ளாறு என் மடியில் விரிந்தது.
சுட்டியை அசைத்தேன்.
அங்கே இருட்டில், இருபது காலி நாற்காலிக்கு முன்னால்
ஓர் அம்பு நகர்ந்திருக்கும்.

பிறகு அது தானாக நகர்ந்தது.

மூன்று வாரப் பூட்டைத் தாண்டி எவன்?
பதிவேட்டைத் திறந்தேன். நான் மட்டும்.
அம்பு தடுமாறி, இரண்டு முறை தவறி, நோட்பேடைத் திறந்தது.
ஒற்றை விரல் வேகத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ்:

யார் நீ

தில்லைநாயகி, ஐ.டி. என்று அடித்தேன்.

நான் கலியமூர்த்தி செக்யூரிட்டி
ரவுண்ட்ஸ் வந்தேன் ஸ்கிரீன் எரியுது
யாரோ பாக்கறாங்கன்னு செவப்பா எழுதிருக்கு
நீ தில்லைநாயகின்னு எப்படி நம்பறது

ஊழியர் எண்ணைத் தந்தேன்.
அது கேட் ரிஜிஸ்டர்லயே இருக்கு
வண்டிக்கு இடப்பக்கக் கண்ணாடி கிடையாது என்றேன்.
அது ரோட்ல போறவனுக்கும் தெரியும்

கைப்பேசியில் ஆறு இலக்கம் துடித்துக்கொண்டிருந்தது.
அதைச் சொன்னால் நான் செய்ததெல்லாம் பாழ்.
சொல்லாவிட்டால் நான் யாருமில்லை.
விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீண்ட நேரம் கழித்து,
திங்கக்கெழம கார்டோட வாங்க மேடம்
நீங்கதான்னா மன்னிச்சிக்கங்க

திரை உறைந்தது. இணைப்பு இல்லை.
மறுபடி முயன்றேன். இல்லை.

அறிக்கையில் 'சோதனை முடிவு' என்றொரு கட்டம்.
தோல்வி என்று அடித்தேன்.
அழித்தேன். மழை பிடித்துக்கொண்டது.
கட்டம் காலியாகவே தூங்கினேன்.

திங்கள் காலை. புயல் ஆந்திரா பக்கம் போயிருந்தது.
நைட் டியூட்டி முடிந்தும் கேட்டில் நின்றிருந்தார்.
அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வண்டியில் கண்ணாடி இல்லாத இடத்தைப் பார்த்தார்.
பிறகு காக்கிச் சட்டைப்பையிலிருந்து
நாலாய் மடித்து ரப்பர் போட்டிருந்த
வெள்ளாற்றின் நீல வயரை எடுத்து
கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்.